மலைவீட்டின் வேலி: கல், கம்பி, செடி

நீலகிரியின் பழைய படுகர் ஊர்களில் வீட்டுக்கு வீடு வேலி கிடையாது. ஹட்டி என்று அவர்கள் அழைக்கும் ஊரில் வீடுகள் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். எதிரே எல்லோருக்கும் பொதுவான முற்றம். தானியம் காய்வதும் பிள்ளைகள் விளையாடுவதும் பெரியவர்கள் கூடிப் பேசுவதும் அங்கேதான். தோதவரின் ஊர்களான மந்துகளில் கற்சுவர் உண்டு. வீட்டையும் பால்மனையையும் சுற்றித் தாழ்வாக ஓடும், ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்குத்தான் திறப்பு இருக்கும். எருமைத் தொழுவம் வட்டமான கல்வளையம். 1901-02ல் தோதவரிடையே இருந்து ஆராய்ந்து, 1906ல் அவர்களைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்ட டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சுவர்கள் எருமைக்காக எழுந்தவை. பக்கத்து வீட்டுக்காரருக்காக எழுந்தவை அல்ல.

தனி வீடு, தனி கேட், அதைச் சுற்றி ஒரு காம்பவுண்டு என்ற ஏற்பாடு பங்களாவோடு மலையேறியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் மேலே வந்தார். 1822ல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்று அந்த இடம் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு குன்றைப் பிடித்தார்கள். ஓட்டுக்கூரை, புகைபோக்கி, புல்தரை, பூம்பாத்தி, கடைசியாக உயிர்வேலி என்று விட்டுவந்த ஊரைத் திரும்பக் கட்டினார்கள். அந்த உயிர்வேலிக்கான விதை கப்பலில் வந்தது. கட்டுரையின் பாதிக் கதை அந்த விதையில் இருக்கிறது.

இன்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ பத்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு எல்லையில் என்ன செய்வது என்பது ஒரே கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் அதற்குள் ஆறு கேள்விகள் இருக்கின்றன: மண் நிற்குமா, தண்ணீர் போகுமா, பனி தங்குமா, விலங்கு எந்த வழியாக வரும், நட்ட செடி நட்ட இடத்திலேயே இருக்குமா, சட்டம் என்ன சொல்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் மண்ணைத் தாங்குவதற்கு மட்டும். கம்பி காய்கறிப் பாத்திக்கு மட்டும். எல்லைக்குச் செடி, அதுவும் இந்த மலைக்குரிய செடி. சமவெளியிலிருந்து வருகிற நண்பர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆறடி காம்பவுண்டுச் சுவர் எழும்பினால்தான் அவர்களுக்கு வீடு முடிந்த மாதிரி.

தாண்டிப் போன செடிகள்

உதகையிலிருந்து மேற்கே போகும்போது, புல்மேடுகளில் மஞ்சள் பூ அள்ளித் தெளித்ததுபோல் புதர்கள் தெரியும். சுற்றுலா வந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் முள்ளாக இருப்பது கார்ஸ். முள்ளில்லாமல் விளக்குமாற்றுக் குச்சிபோல் நிற்பது ஸ்காட்ச் புரூம். இரண்டும் ஐரோப்பாவின் செடிகள். 19ஆம் நூற்றாண்டில் தோட்ட அழகுக்கும் வேலிக்குமாக இங்கே நடப்பட்டவை. கார்ஸ் வேலியாக நன்றாகவே வேலை செய்தது, ஆடு மாடு நெருங்காது. ஆனால் அதன் காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். மண்ணுக்குள் போன விதை பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தண்டில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் நெருப்பு பட்டால் எளிதில் பற்றும், எரிந்தபின் முதலில் முளைப்பதும் அதுவாகவே இருக்கும். வேரில் தழைச்சத்து சேர்த்து மண்ணையே தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். இத்தனை திறமை உள்ள ஒன்றை வீட்டு எல்லையில் நின்றுகொள் என்று சொல்லி நட்டிருக்கிறார்கள்.

அது நிற்கவில்லை. ஸ்காட்ச் புரூம் முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளி வரை ஏறிவிட்டது. வரையாடு மேயும் புல், ஓடைக்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் விடும் புல், இந்தப் புதருக்கு அடியில் இருட்டில் சாகிறது. விறகுக்காகவும் பட்டைக்காகவும் வந்த சீகை (வாட்டில்) மரம், 1840களில் வந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரம் ஆகியவற்றின் கதை இதைவிடப் பெரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்புல்வெளிகளில் ஏறத்தாழ 23 விழுக்காடு, 44 ஆண்டுகளில் அயல்மரங்களுக்குப் பறிபோனதாக 2018ல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவை தோப்பாக நடப்பட்டவை, அரசே நட்டது. வேலிச்செடியின் குற்றம் வேறு ரகம். தனி வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகச் செய்தது, எந்தக் கோப்பிலும் பதிவாகாதது.

உண்ணிச்செடியைப் பாருங்கள். லன்டானா என்ற பெயரில் 1809ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பல நிறப் பூ, வெட்டினால் அடர்ந்து தழைக்கும் குணம், ஆடு தின்னாத இலை என்று வேலிக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அதற்கு இருந்தது. பழத்தைப் பறவைகள் தின்று ஊர் ஊராகக் கொண்டுபோயின. முதுமலைக்காட்டிலும் கூடலூர்ச் சரிவுகளிலும் இன்று யானை நுழைய முடியாத புதராக அது நிற்கிறது. இந்தியாவில் புலி வாழும் நிலப்பரப்பில் சுமார் 40 விழுக்காட்டை அது பீடித்திருப்பதாக 2020ல் ஓர் ஆய்வு சொன்னது. கூடலூர்ப் பகுதியின் பெட்டகுறும்பர், பணியர் முதலான பழங்குடிக் கைவினைஞர்கள் அதே உண்ணிச்செடித் தண்டைக் கொண்டு ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் யானை உருவங்களைப் பின்னினார்கள். 2021ல் லண்டன் பூங்காக்களில் அவை நின்றன. யானையை வழிமறித்த செடியிலேயே யானையைச் செய்தது நல்ல கேலிதான். செடி என்னவோ குறையவில்லை.

சமவெளியில் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் நடந்தது. நம் தாத்தா காலத்தில் தமிழ்நாட்டு வயல்களுக்கும் தோப்புகளுக்கும் சப்பாத்திக்கள்ளி வேலி இருந்தது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்து எல்லை மீறிப் பரவிய செடிதான். 1920களில் இலங்கை வழியாகக் கொண்டுவந்த ஒரு செதில்பூச்சி சில ஆண்டுகளிலேயே அதைத் தின்று தீர்த்தது. அப்படியொரு பூச்சி உண்ணிச்செடிக்கும் கிடைக்கும் என்று பலவற்றை விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கார்ஸுக்கும் ஸ்காட்ச் புரூமுக்கும் இங்கே வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும்தான் மருந்து.

பழைய வெள்ளைக்காரர்கள் செய்த தவறு என்று சொல்லி நாம் நழுவிவிட முடியாது. ஆரஞ்சு நிறக் குழல்பூ செஸ்ட்ரம் இன்றும் குன்னூர் வீடுகளின் எல்லையில் இருக்கிறது. அதன் வெண்ணிறக் கனியைப் பறவை தின்று பக்கத்துச் சோலையில் போடுகிறது. எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பூவுள்ள ஊமத்தை மரத்தைக் குச்சி ஒடித்து வேலியோரம் நட்டுவிடுவார்கள். பார்க்க அழகு, நட்டால் உடனே வளரும், ஆனால் இலை முதல் விதை வரை நஞ்சு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதற்கு வேலை இல்லை. ஆரம் லில்லி பள்ளத்து ஈரத்தைக் கண்டால் தானே நடந்துபோய்விடும். இவற்றின் வெட்டுக்கழிவை மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடையில் வீசுவது இன்னொரு பழக்கம். அதைவிடச் சுலபமான நடவு முறை வேறில்லை.

2022ல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்காகத் தனிக் கொள்கையே வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் இந்த விஷயத்தை விடாமல் கேட்டுவருகிறது. ஆனால் கொள்கை காட்டுக்குப் பொருந்துகிறது. காட்டோரத்து வீட்டுத்தோட்டத்தில் என்ன நட்டிருக்கிறது என்று பார்க்க எந்த அலுவலரும் வருவதில்லை, வரவும் முடியாது. வீட்டுக்காரர் பார்த்தால்தான் உண்டு.

சரிவில் ஒரு சுவர்

சமவெளியில் சுவர் என்றால் மறைப்பு. மலையில் சுவர் என்றால் சுமை. வீட்டுக்கு மேல்பக்கம் மண்ணை வெட்டி, கீழ்ப்பக்கம் நிரப்பி, தட்டு எடுத்துத்தான் மனை கிடைக்கிறது. மேலே வெட்டிய மண்முகத்தையும் கீழே நிரப்பிய மண்ணையும் பிடிக்கத் தடுப்புச் சுவர் தேவை. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதையே எல்லைச் சுவராகவும் நினைத்து, அழகுக்காக இரண்டு பக்கமும் பூசி, ஒரு துளைகூட இல்லாமல் அடைத்துவிடுகிறார்கள். அங்கேதான் வினை.

நனைந்த மண் காய்ந்த மண்ணைவிட மிகவும் கனம். அதைவிடக் கொடியது மண்ணுக்குள் வழியில்லாமல் நிற்கும் தண்ணீர். சுவர் சாய்வது பெரும்பாலும் மண்ணால் அல்ல, தண்ணீரின் நெருக்கலால்தான். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலையோடு ஆட்களையும் வாரிப்போன சரிவு, 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சரிவுகள், 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த 82 சென்டிமீட்டர் மழை எல்லாவற்றிலும் மண்ணுக்குள் தேங்கிய தண்ணீருக்குப் பங்கு இருந்தது. தண்ணீரின் பழைய வழியைக் கட்டடமும் சாலையும் மதிலும் மறிக்கும்போது அது வேறு வழி தேடுகிறது. பெரும்பாலும் கீழ்வீட்டின் சமையலறை வழியாக.

ஆகவே சுவர் எழுப்பினால் துளை விடுங்கள். ஐந்தடிக்கு ஒன்று, முதல் வரிசை தரையை ஒட்டி. சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு உடைகல் நிரப்பு. மேலே மழைநீரை வாரி ஓரமாகக் கொண்டுபோக ஒரு வாய்க்கால். அடித்தளம் நிரப்பு மண்ணில் நிற்கக் கூடாது, கெட்டித்தரையைத் தொட வேண்டும். நாலடி உயரத்துக்குள் வேலை முடிகிறது என்றால் சிமென்ட்டே வேண்டாம். காரை இல்லாமல் கல் அடுக்கும் பழைய முறை போதும், அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும், முகம் சற்று மேட்டுப் பக்கம் சாயட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தண்ணீர் தானே கசிந்துவிடும், பெரணிச்செடி முளைத்துச் சுவரை மூடிவிடும். எஸ்டேட்டுகளில் நூறு வருடத்துச் சுவர்கள் இப்படித்தான் நிற்கின்றன. அடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டது உண்மை. தெரிந்தவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேச வேண்டாம்.

சுவர் இல்லாமலே மண்ணைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. உதகையில் 1954லிருந்து மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. உருளைக்கிழங்குச் சரிவுகளில் படித்தட்டு அமைப்பதும் வரப்பில் புல் கட்டுவதும் அங்கே பல காலமாக நடக்கிற வேலை. தேயிலைத் தோட்டங்களில் குவாட்டிமாலா புல்லைச் சரிவுக்குக் குறுக்காக நடுவது வழக்கம். வீட்டு எல்லை சரிவுக்குக் குறுக்காக ஓடுகிற பக்கம் முழுக்க அடர்த்தியான செடிவரிசை நட்டால், சில மழைக்காலத்தில் அதன் காலடியில் மண் சேர்ந்து தானாகவே ஒரு வரப்பு எழும்பும்.

மூடிய சுவருக்கு எதிரான இன்னொரு காரணம் பனி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி, தண்ணீர்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப்பந்தய மைதானம் ஆகிய இடங்களில் புல் வெளுத்துக் கிடப்பதும் மேட்டு வீடுகளில் அவ்வளவு இல்லாததும் இதனால்தான். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஆறடி மதில் எழுப்பினால் அந்தக் குளிருக்கு நீங்களே அணை கட்டுகிறீர்கள். மதிலை ஒட்டிய செடிகள்தான் முதலில் கருகும். செடிவேலி என்றால் அடியில் இடைவெளி இருக்கும், குளிர்காற்று வடிந்துவிடும். தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் மலர்ப்பாத்திகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைப்பார்கள். வீட்டில் புதிதாக நட்ட கன்றுக்கும் முதல் வருடம் அப்படியொரு மூடாக்கு வேண்டும்.

கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

உதகைக்காரரின் வேலி கள்ளனுக்காகப் போடப்படுவதில்லை, காட்டுமாட்டுக்காகப் போடப்படுகிறது. குன்னூர், கோத்தகிரித் தேயிலைச் சரிவுகளில் காட்டுமாடு இப்போது அன்றாடக் காட்சி. புல்வெளி சுருங்கியது, காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டியது, தேயிலைக்கு நடுவே ஓடையும் புல்லும் கிடைக்கிறது, மனிதரும் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அது ஏன் வராமல் இருக்க வேண்டும்? ஒரு டன் எடையை எட்டும் உடம்பு, ஆள் தோளுக்கு மேலே நிற்கும் திமில். முள்கம்பி அதற்குத் தடையே அல்ல, காயம் மட்டும்தான். மிரண்டால் தாண்டும். தாண்ட முடியாவிட்டால் கம்பியைத் தூணோடு இழுத்துக்கொண்டு போகும். கம்பியோ கயிறோ கொம்பில் சிக்கியபடி திரியும் மாடுகளை வனத்துறை மயக்க ஊசி போட்டு விடுவிக்க வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காட்டுமாட்டை முழுக்கத் தடுக்கும் வேலியை ஒரு வீட்டுக்காரர் போட முடியாது. போட முடியும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது வழக்கமாக மேலிருந்து கீழே நடந்துபோகும் தடத்தைக் கண்டுபிடித்து அதைத் திறந்து விடுவது. மனைக்கு ஒரே ஒரு வாசல் வைத்து மற்றதை அடைத்தால், உள்ளே வந்த மாடு வெளியேற வழியின்றிச் சுற்றும். ஆள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். மேலும் கீழும் இரண்டு திறப்பு இருந்தால் வந்த வழி தெரியாமலே போய்விடும். பூ நாலு மிதிபடும், அவ்வளவுதான்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வேறு. இவை மேலே தாண்டுவதில்லை, அடியில் தோண்டுகின்றன. வீட்டுத் தோட்டத்து உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் காப்பாற்ற, காய்கறிப் பாத்தியை மட்டும் மூன்றடி உயர வலைக்கம்பியால் சூழ்ந்து, வலையின் அடியை ஒரு அடி மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தால் போதும். கல்தூண் கிடைத்தால் கல்தூண். சிமென்ட் தூண் அடுத்தது. இரும்பு ஆங்கிள் இங்கே மூடுபனியில் சீக்கிரம் துருவேறும், கற்பூர மரத்துக் கம்பு சில மழையிலேயே அடியில் உளுத்துவிடும். எந்தத் தூணானாலும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும், மூலைத்தூணுக்குச் சாய்வுத் தாங்கல் வேண்டும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பன்றியை ஏமாற்றும் வித்தையும் நடக்கிறது. கொஞ்ச நாள் பலன் தரும், பிறகு பன்றிக்குச் சேலை பழகிவிடும்.

குரங்குக்கு வேலியே இல்லை. கரடிக்கும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் கரடி வருவது எண்ணெய் வாசத்துக்கும் பழுத்த பலாவுக்கும் குப்பைத்தொட்டிக்கும்தான். சமையல் கழிவை மூடிவைப்பது எந்த மதிலையும்விட நல்ல காவல். மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது திருடனைத் தடுத்த கதை நான் கேட்டதில்லை, குரங்குக்குட்டியைக் கிழித்த கதை கேட்டிருக்கிறேன்.

வேலிப் பொந்தில் சுருக்குக்கம்பி வைப்பது குற்றம். பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை சிக்கிச் சாவது நீலகிரியில் திரும்பத் திரும்ப நடக்கிறது. தோட்டத்தில் யார் வைத்தாலும் நிலத்துக்காரரிடம்தான் விசாரணை வரும். வேலியோரத்தை வாரம் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

மின்வேலி பற்றித் தெளிவு வேண்டும். சூரியமின் வேலி என்பது மின்கலத்திலிருந்து நொடிக்கு ஒருமுறை மிகச் சிறு நேரத்துக்கு அதிர்வு விடும் கருவி. அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது கொலைக்கருவி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, பக்கத்தில் இரண்டு குட்டிகள் தனித்து நின்றன. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் விதிகளை வெளியிட்டது. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புதிதாக வேலி போட முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். நீலகிரியில் அந்த 5 கிலோமீட்டருக்கு வெளியே ஒரு மனை காட்டுங்கள் பார்க்கலாம். தவிர, முறையான சூரியமின் வேலியும் இங்கே அடிக்கடி செயலிழக்கும். ஈரப்புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்னோட்டம் மண்ணுக்கு இறங்கிவிடும். வாராவாரம் அடிப்புல் வெட்ட ஆள் இல்லாதவருக்கு அது வெறும் கம்பி.

கூடலூர், மசினகுடிப் பக்கம் மனை வாங்குகிறவர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சீகூர்ச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழி. அங்கே விடுதிகளும் அவற்றின் வேலிகளும் வழியை அடைத்ததைப் பற்றிய வழக்கு நீண்டது. 2010ல் அரசு வெளியிட்ட யானை வழித்தட அறிவிப்பை உயர் நீதிமன்றம் 2011ல் உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று அதை நிலைநிறுத்தியது. அங்கே வேலி என்பது வீட்டுக்காரரின் சொந்த விஷயம் அல்ல.

மற்ற இடங்களில் சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. முதல் வேலை நில அளவையரைக் கூப்பிட்டு எல்லைக்கல்லைக் காட்டச் சொல்வது. பட்டாவும் அளவு வரைபடமும் கையில் இல்லாமல் ஒரு குழியும் தோண்டாதீர்கள். எல்லையில் நிற்கிற மரத்தை இடைஞ்சல் என்று வெட்டிவிடவும் முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப்பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். மண் வெட்ட ஜேசிபி இறக்குவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவதற்கு எந்தச் சட்டமும் இல்லை, இருந்தாலும் செய்யுங்கள்.

எதை நடுவது

கொங்குநாட்டில் கேட்டால் யோசிக்காமல் கிளுவை என்பார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைக் கிளுவைவேலிதான் காக்கிறது. வெட்டி நட்டால் வேர்விடும், வறட்சி தாங்கும். ஆனால் அது வறண்ட நிலத்துச் செடி, இந்த ஈரத்திலும் பனியிலும் அதற்கு வாழ்வில்லை. கூடலூர், பந்தலூர் உயரத்துக்குக் கல்யாண முருங்கைக் கொம்பு நட்டு மிளகு ஏற்றலாம், வேலியும் ஆயிற்று, வருமானமும் ஆயிற்று. குன்னூருக்கு மேலே அது ஒத்துவராது.

மேல்மலையில் நர்சரிக்காரர் முதலில் நீட்டுவது சைப்ரஸ். உதகையின் பழைய பங்களாக்களில் சுவர்போல் வெட்டிவிட்ட சைப்ரஸ் வேலிகள் கம்பீரமானவை, மறுக்கவில்லை. வருடம் தவறாமல் வெட்ட ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டு வருடம் விட்டுவிட்டு, ஒரேயடியாக உள்கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது, மொட்டையாகவே நிற்கும். அடியில் வேறு எதுவும் வளர விடாது என்பது இன்னொரு குறை. பொன்னிற துரந்தா குன்னூர் வரை பரவாயில்லை, உதகைப் பனியில் கருகும்.

இந்த மலையிலேயே வேலிக்கென்று பிறந்ததுபோல் ஒரு செடி இருக்கிறது. ஊசிக்கலா, படுகர் ஜக்கலா என்பார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த முள், பளபளக்கும் சிறு இலை, மஞ்சள் பூங்கொத்து, நீலம் படிந்த கருப்புப் பழம். பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்கும், இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளி போகும் வழியில் பறித்துத் தின்றே வளர்ந்தவர்கள். பனி, காற்று, ஏழை மண் எல்லாம் தாங்கும். வெட்டினால் அடர்ந்து தழைக்கும். பறவை இதன் விதையையும் தூக்கிப் போகும்தான், போகட்டும், காடு அதன் சொந்த வீடு. அதோடு தவிட்டுப்பழச் செடியைக் கலந்து நடலாம், ரோஜாநிறப் பூவும் தின்னத் தகுந்த பழமும் கிடைக்கும். வெள்ளைப் பூப்பூக்கும் காட்டு ரோஜாக் கொடியை மேலே படரவிட்டால் முள்கம்பியின் வேலையை அது செய்யும். இடையிடையே குறிஞ்சி. 2018ல் பூத்தது, அடுத்து 2030ல் பூக்கும், பொறுமை உள்ளவர்கள் நடட்டும்.

ஒரே வகைச் செடியை நேர்வரிசையில் நடுவதைவிட மூன்று நான்கு வகையைக் கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு வரிசையாக, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் மாற்றி மாற்றி நட்டால் வேலி சீக்கிரம் அடையும். நோய் வந்தாலும் மொத்தமும் போகாது. முதல் வருடமே தலையைக் கிள்ளிவிட வேண்டும். கை வைக்காமல் உயரவிட்டால் அடியில் ஓட்டை விழும், பிறகு அதை அடைக்கவே முடியாது. வெட்டும்போது அடி அகலமாக, நுனி ஒடுக்கமாக இருக்கட்டும், அப்போதுதான் அடியிலைக்கு வெயில் கிடைக்கும். வேலி தழைக்க மூன்று மழைக்காலமாவது ஆகும். அதுவரை தற்காலிகமாக உண்ணிச்செடித் தண்டை வெட்டிக் காய்ந்த படலாகப் பின்னி நிறுத்தலாம். காய்ந்ததை மட்டும்தான், விதை உள்ளதைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

நடவுப் பருவம் ஊருக்கு ஊர் மாறும். கூடலூருக்குத் தென்மேற்கு மழைதான் மழை, ஜூனில் நடுங்கள். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்கு மழை வலுவானது, அக்டோபரிலும் நடலாம். உதகையில் மே, ஜூனில் நட்டால் டிசம்பர்ப் பனிக்குள் வேர் பிடித்துவிடும். அக்டோபரில் நட்ட இளங்கன்று பனியில் போய்விடும்.

வேலிக்கு உள்பக்கத்துப் பூவரிசையில் நான் அவ்வளவு கறார் அல்ல. தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாமே வெளியிலிருந்து வந்தவைதான். வெளியூர்ச் செடி என்பதே குற்றமாகாது, பறவையோ காற்றோ தூக்கிப்போகும் விதை உள்ளதா என்பதே கேள்வி. ஹைட்ராஞ்சியா, ஃபுஷியா, கமீலியா, ரோஜா எல்லாம் நட்ட இடத்தில் இருக்கும். ஹைட்ராஞ்சியா ஒன்றும் சொல்லும்: நீலகிரியின் புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும். சிமென்ட் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு மண்ணில் இறங்கி, அதே செடி நாளடைவில் இளஞ்சிவப்புக்கு மாறும். அவற்றோடு மலைக்குரிய பெரிய மஞ்சள்பூ ஹைப்பெரிக்கம், ஊதாநிற ஆஸ்பெக்கியா, நிழல்பக்கத்துக்குக் காட்டுக் காசித்தும்பை, பெரணி வகைகள் எனச் சேர்க்கலாம். தேனீயும் பட்டாம்பூச்சியும் எந்தப் பக்கம் அதிகம் வருகின்றன என்று ஒரு வருடம் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் என்ன நடுவது என்று முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரே சிக்கல், கன்று கிடைப்பது. ஆண்டுதோறும் மே மாதம் மலர்க் கண்காட்சி நடத்துகிற ஊர் இது, 2024ல் நடந்தது 126ஆவது. பெட்டூனியாவும் மேரிகோல்டும் லட்சக்கணக்கில் வளர்க்கத் தெரிந்த மாவட்டத்தில் ஊசிக்கலாக் கன்று கேட்டால் பல கடைகளில் விழிப்பார்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை போன்ற சிலர் உள்நாட்டுச் செடிகளுக்கு நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள், போதாது. தோட்டக்கலைத் துறையின் பண்ணைகள் ஆளுக்கு இருபது கன்றாவது மலைச்செடி கொடுக்க முன்வர வேண்டும். அதுவரை நீங்கள் எந்த நர்சரிக்குப் போனாலும் ஊசிக்கலா இருக்கிறதா, தவிட்டுப்பழம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.